வாட்டர்டன் எழுப்பிய மதில்

வட இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில், வேக்ஃபீல்டு நகருக்கு அருகே ஓர் ஏரி. அதன் நடுவே சிறு தீவு. தீவின்மீது வால்டன் ஹால் என்னும் மாளிகை. ஏரியைச் சூழ்ந்து முதிர்ந்த ஓக் மரங்களும் தோப்புகளும் நிறைந்த பரம்பரைக் காணி. 1782-இல் அங்குப் பிறந்த சார்லஸ் வாட்டர்டன், தந்தையின் மறைவுக்குப் பின் அக்காணிக்கு உரியவரானார். தென்னமெரிக்கக் காடுகளில் அலைந்து திரிந்த பயணங்களை 1825-இல் நூலாக வெளியிட்டுப் புகழ் பெற்றவர் அவர். எனினும், அவர் வாழ்வின் பெரும்பணி சொந்த ஊரிலேயே நிகழ்ந்தது.

அந்நாளைய ஆங்கிலச் சீமான்களுக்குக் காடு என்பது வேட்டைக்களம். வேட்டைப் பறவைகளைப் பேணுவதற்கென்றே காவலரை அமர்த்தி, கூகை, பருந்து முதலியவற்றைக் கண்ட இடத்தில் சுட்டு வீழ்த்தினர். வாட்டர்டன் இவ்வழக்கத்தை முற்றாகத் தலைகீழாக்கினார். தம் காணியில் துப்பாக்கி ஒலிக்கலாகாது என்றார். 1821-இல் தொடங்கி 1826 வரை, மூன்று மைல் நீளத்திற்குக் காணியைச் சுற்றிக் கல்மதில் எழுப்பினார். சில இடங்களில் அதன் உயரம் பதினாறு அடியை எட்டியது. செலவு ஏறத்தாழ 9,000 பவுன். தாம் அருந்தாத மதுவில் மிச்சமான பணம் அது என்று அவர் சொல்லிக் கொள்வதுண்டு.

அக்கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. இளமையில் தென்னமெரிக்காவின் டெமராராவில் தம் குடும்பத்தாரின் தோட்டங்களை 1812 வரை மேற்பார்த்தவர் அவர்; அத்தோட்டங்களில் உழைத்தோர் அடிமைகள். அங்கே ஜான் எட்மன்ஸ்டன் என்ற அடிமைக்குப் பறவையுடலைப் பாடம் செய்யும் கலையைக் கற்பித்தார். பின்னர் விடுதலை பெற்று எடின்பரோ நகரில் வாழ்ந்த எட்மன்ஸ்டனிடம், 1826-இல் அதே கலையைப் பயின்ற மாணவர் சார்லஸ் டார்வின். அறிவும் கொடுமையும் ஒரே வாய்க்காலில் பாய்ந்த காலம் அது!

மதிலுக்குள் நிகழ்ந்தவை இன்றும் வியப்பூட்டுவன. பட்டுப்போன மரங்களை வெட்டாமல் விட்டார். அவற்றின் பொந்துகள் பறவைகளுக்கு வீடாயின. கூகைகளுக்கெனக் கல்லாலேயே கூடு கட்டினார். கரைமண்ணில் வளை குடையும் தகைவிலான்களுக்காகச் சுவரில் துளைகள் அமைத்தார். குளிர்காலத்தில் நீர்ப்பறவைகள் வந்து தங்கும்போது ஏரியில் படகு விடத் தடை செய்தார். பறவைகளைக் காண வந்த பொதுமக்களுக்குக் கட்டணம் இல்லை. அருகிலிருந்த மனநோய் மருத்துவமனையில் இருந்தோர்க்கும் வாயில் திறந்தது. எல்லா உயிர்க்கும் இரங்கினார் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. எலிகளின்மீது அவர் கொண்ட பகை வாழ்நாள் முழுவதும் தணியவில்லை.

உலகின் முதல் இயற்கைக் காப்பிடம் இதுவே என எழுதுவோர் உளர். நம் வேடந்தாங்கல் மக்கள், ஏரிப் பறவைகளைச் சுடலாகாதென 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கில ஆட்சியரிடம் ஆணை பெற்றதை அவர்கள் அறியார் போலும். ஆங்கே காவல் ஊரின் பொறுப்பு. வால்டனிலோ அது ஒரு மனிதரின் விருப்பம். இவ்வேறுபாடு சிறியதன்று.

வேடரையும் நரியையும் தடுத்த மதிலால் புகையைத் தடுக்க இயலவில்லை. காணியை ஒட்டி எழுந்த சோப்புத் தொழிற்சாலையின் புகை மரங்களைக் கருக்கியது. கழிவு நீரைக் கெடுத்தது. சிம்சன் என்பாரைப் பங்காளியாகக் கொண்ட அந்நிறுவனத்தை எதிர்த்து 1840-களில் வழக்காடிப் போராடினார் வாட்டர்டன். இறுதியில் தொழிற்சாலை இடம் மாறிச் சென்றது.

1865 மே மாதத்தில், தம் தோப்பில் நடக்கையில் இடறி விழுந்து, சில நாட்களில் அவர் உயிர் நீத்தார். உடலைப் படகில் ஏற்றி ஏரி வழியே கொண்டு சென்று, கரையோரம் இரண்டு ஓக் மரங்களுக்கிடையே அடக்கம் செய்தனர்.

காணி ஒரே மகன் எட்மண்டைச் சேர்ந்தது. தந்தையின் பறவைகள்மீது மகனுக்கு ஆர்வமில்லை, கடனோ மிகுதி. மரங்கள் வெட்டுண்டன, துப்பாக்கிகள் மீண்டும் ஒலித்தன. தனியார் காட்டை ஏற்றுக் காக்கும் அமைப்பு எதுவும் அன்று இங்கிலாந்தில் இல்லை. கடற்பறவைகளைக் காக்கும் சட்டம் 1869-இல்தான் வந்தது. நிலங்களை என்றென்றைக்குமாகப் பெற்றுக் காக்கும் தேசிய அறக்கட்டளை தோன்றியது 1895-இல். ஆதலால், உரிமையாளர் உயிரோடிருக்கும் வரையே காட்டுக்கும் காவல் என்பதே அன்றைய நிலை. 1870-களில் எட்மண்ட் காணியை விற்றார். வாங்கியவர், அந்தச் சோப்புத் தொழிலதிபர் சிம்சனின் மகன்.

இன்று வால்டன் ஹால் ஒரு விடுதி. பறவைகளுக்கென விடப்பட்டிருந்த வெளியில் கோல்ஃப் ஆடுகிறார்கள். மதிலின் சில பகுதிகள் மட்டும் நிற்கின்றன.