பங்கு வயலும் பகிர்ந்த நினைவகமும்

இலங்கையில் கண்டி நாட்டின் பழைய நில வழக்கங்களில் ஒன்று 'தட்டுமாறு'. கூறுபோட்டால் எவருக்கும் உதவாத சிறு வயலை வாரிசுகள் துண்டாக்காமல், முறைவைத்து ஆளுக்கொரு தடவை பயிரிடுவார்கள். ஐந்து வாரிசுகள் தனித்தனியே "இது எங்கள் வயல்" என்றால் அதில் பொய்யில்லை. ஐந்தையும் கூட்டி ஊரின் நிலப்பரப்பு இவ்வளவு என்றால்தான் கணக்குப் பிழையாகும். கணினி நினைவகத்தை அளக்கும் கட்டளைகள் இந்த எளிய நியாயத்துக்கு வந்துசேர முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

ஓடும் செயல்முறைகளைப் பட்டியலிடும் 'பி.எஸ்.' கட்டளை 1970களின் தொடக்கத்தில் யூனிக்ஸில் பிறந்தது. பின்னாளில் அது காட்டத் தொடங்கிய ஆர்.எஸ்.எஸ். என்ற எண், ஒரு செயல்முறைக்காக ராமில் இருக்கும் எல்லாவற்றையும் அதன் பேரிலேயே எழுதியது. 1980களின் பிற்பகுதியில் பகிர்வு நூலகங்கள் பரவியதும் கோளாறு பெருத்தது. 10 செயல்முறைகள் 2 மெகாபைட் நூலகம் ஒன்றைப் பகிர்ந்துகொண்டு, தலைக்கு 1 மெகாபைட் சொந்தமாகவும் வைத்திருந்தால் உண்மைச் செலவு 12 மெகாபைட். ஆர்.எஸ்.எஸ். எண்களைக் கூட்டினால் 30 வரும். 2004 வரையிலும் லினக்ஸில் பங்குக் கணக்கு இல்லை. 2005இல் லினக்ஸ் கெர்னல் 2.6.14, ஒரு செயல்முறையின் நினைவகத்தைப் பகுதிவாரியாகக் காட்டும் 'எஸ்மேப்ஸ்' கோப்பைத் தந்தது. 2008இல் 2.6.25 அதில் பி.எஸ்.எஸ். என்ற விகிதப் பங்கைச் சேர்த்தது. மறு ஆண்டு மேட் மெக்கால் வெளியிட்ட 'எஸ்மெம்' அதை ஒரே கட்டளையில் பட்டியலிட்டது. நமது உதாரணத்தில் நூலகத்தின் பத்தில் ஒரு பங்கும் சொந்த 1 மெகாபைட்டும் சேர்ந்து ஒவ்வொன்றுக்கும் 1.2 மெகாபைட், கூட்டினால் சரியாக 12.

இதற்கு மறுப்பு உண்டு. ஒரு செயல்முறையை நிறுத்தினால் 1.2 திரும்பி வராது, அதன் சொந்த 1 மட்டுமே வரும். மற்றவற்றின் பங்கோ சும்மா இருந்தபடியே ஏறும். இது நியாயம்தான். அதனால்தான் எஸ்மெம் தனியுடைமை அளவான யூ.எஸ்.எஸ்.ஸையும் பக்கத்திலேயே காட்டுகிறது. பங்கைக் கணக்கிட எல்லா நினைவகப் பக்கங்களையும் துழாவ வேண்டும், நேரம் பிடிக்கும் என்பது இன்னொரு மறுப்பு. 2017இல் கெர்னல் 4.14 கூட்டுத்தொகையைத் தனிக் கோப்பாகவே கொடுத்து அந்தச் சுமையைக் குறைத்தது. வேகமாக வரும் தவறான கூட்டலை நம்பித் தேவையில்லாமல் ராம் வாங்குவதைவிட இந்தத் தாமதம் மலிவு. ஆகவே, மொத்தச் செலவு தெரிய வேண்டுமானால் பி.எஸ்.எஸ்.ஸைப் பாருங்கள், எதை நிறுத்தினால் எவ்வளவு மிஞ்சும் என்று அறிய யூ.எஸ்.எஸ்.ஸைப் பாருங்கள், ஆர்.எஸ்.எஸ்.ஸை மட்டும் ஒருபோதும் கூட்டாதீர்கள்.