குதிரை முட்டையிலிருந்து ரோபோ வரை: வகுப்பறைக்குள் வந்த கற்பனைக் கதைகள்

"அந்த வாத்தியார் பாடமே நடத்துறதில்லை, சும்மா கதை சொல்லிட்டு இருக்கார்" என்று யாராவது குறை சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். நம் பக்கத்தில் ரொம்ப காலமாகப் பாடம் என்பதே கதைதான். அதுவும் பேசும் நரி, மரத்தில் தொங்கும் வேதாளம் மாதிரி சமாச்சாரங்கள்! அறிவியல் புனைகதையையும் மாயக்கதையையும் வைத்து வகுப்பில் பாடம் நடத்தலாமா என்று இன்று பல நாடுகளில் பெரிய பெரிய ஆட்கள் விவாதிக்கிறார்கள். நடத்தட்டும். நம்ம ஊர்ப் பக்கம் இது எப்படி நடந்தது என்று பார்ப்போம்.

1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம், கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. ஓசூர்ப் பகுதி 1799-ல், திப்பு இறந்த பிறகுதான் வந்தது. பாராமகாலை நிர்வாகம் செய்ய வந்தவர் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. வந்தவர்களுக்கு ஒரு சிக்கல். இங்கே சந்தையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஓடும் (இன்றைக்கும் அப்படித்தான், ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நின்றால் புரியும்). மொழி தெரியாமல் யாரிடம் போய் வரி கேட்பது?

கம்பெனி அதிகாரிகளுக்கு நாட்டு மொழிகளைக் கற்றுக்கொடுக்கவே 1812-ல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கப்பட்டது. அங்கே தமிழ்த் தலைமைப் புலவராக இருந்த தாண்டவராய முதலியார் 1826-ல் பஞ்சதந்திரத்தை மராத்தியிலிருந்து தமிழ் உரைநடையில் தந்தார். கலெக்டர் வேலைக்குப் போகிற வெள்ளைக்காரர் நரியும் காளையும் சிங்கமும் பேசுவதைப் படித்துத் தமிழ் கற்கவேண்டும்! பஞ்சதந்திரமே படிப்பு ஏறாத மூன்று ராஜகுமாரர்களுக்காகச் சொன்ன பாடம் என்றுதான் அந்த நூல் சொல்லிக்கொள்கிறது. ஆக, அந்தப் புத்தகம் தன் பழைய வேலையைத்தான் திரும்பவும் செய்தது.

அதற்கும் முன்னாடி வீரமாமுனிவரின் 'பரமார்த்த குரு கதை' இருக்கிறது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி வாங்கி வருவார்கள். இத்தாலிக்காரரான வீரமாமுனிவர் 1747-ல் காலமானார். 1822-ல் பெஞ்சமின் பாபிங்டன் ஆங்கில மொழிபெயர்ப்போடு அதை லண்டனில் அச்சிட்டார். எதற்கு? பேச்சுத் தமிழ் கற்பதற்கு. இலக்கண நூலில் வராத "என்னடா இது" மாதிரி தொனியெல்லாம் முட்டாள் சீடர்கள் பேசும்போது தானாக வந்துவிடுகிறது. மொழிப் பாடத்துக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறதா என்ன?

சரி, இதெல்லாம் துரைமார்களுக்கு. நம் பிள்ளைகள் என்ன படித்தார்கள்?

பாராமகாலில் தொழில் பழகிய அதே மன்றோ 1820-ல் சென்னை மாகாண கவர்னர் ஆனார். 1822-ல், மாவட்டங்களில் எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுத்து அனுப்பச் சொல்லிக் கலெக்டர்களுக்கு உத்தரவு போட்டார். 1823-ல் பெல்லாரி கலெக்டர் காம்ப்பெல் அனுப்பிய அறிக்கைதான் இதில் சுவாரஸ்யமானது. பெல்லாரியும் நம் எல்லைப்புறம் மாதிரிதான், தெலுங்கும் கன்னடமும் கலந்த இடம். திண்ணைப் பள்ளிகளில் ராமாயணம், மகாபாரதம், பாகவதம், கூடவே பஞ்சதந்திரம், வேதாளக் கதைகள் எல்லாம் இருந்ததாக எழுதுகிறார். எழுதிவிட்டு ஒரு குறையும் சொல்கிறார். பிள்ளைகள் செய்யுளை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார்கள், அர்த்தம் கேட்டால் கிளிப்பிள்ளைதான். செய்யுளின் மொழி வேறு, அவர்கள் பேசும் மொழி வேறு என்கிறார்.

காம்ப்பெல் சொன்னதையெல்லாம் நான் அப்படியே ஏற்கவில்லை. ஆளவந்தவர்களுக்கு நம் படிப்பு மட்டமாகத் தெரிந்ததில் ஆச்சரியமும் இல்லை. ஆனாலும் இந்த ஒரு குறை மட்டும் மனதில் தங்கிவிட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்து 1905-க்குத் தாவுவோம். சென்னையிலிருந்து வந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்ற ஆங்கிலப் பத்திரிகையில் 'சுல்தானாவின் கனவு' என்று ஒரு கதை வெளியானது. எழுதியவர் வங்காளத்தைச் சேர்ந்த ரொக்கையா சகாவத் உசேன். அந்த நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்கிறார்கள், பெண்கள் நாட்டை நடத்துகிறார்கள். பெண்களுக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள். ஒன்று மேகத்திலிருந்து நேரடியாகத் தண்ணீர் எடுக்கிறது, இன்னொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறது. போர் வந்தபோது அந்த வெப்பத்தை வைத்தே எதிரியை விரட்டுகிறார்கள். ரொக்கையா 1911-ல் கல்கத்தாவில் முஸ்லிம் பெண்களுக்குப் பள்ளி நடத்த ஆரம்பித்தார். கதையில் பல்கலைக்கழகம், நிஜத்தில் பள்ளிக்கூடம். நம் நாட்டின் ஆரம்பகால அறிவியல் புனைகதைகளில் ஒன்று, ஒரு டீச்சரின் கையிலிருந்து, அதுவும் சென்னைப் பத்திரிகை வழியாக வந்திருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்போது நம் பாடப்புத்தகங்களுக்கு வருவோம். 2019-ல் வந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் ஜூல் வெர்ன் பெயரில் 1889-ல் வந்த கதை துணைப்பாடமாக இருக்கிறது: 2889-ஆம் வருஷத்தில் ஒரு பத்திரிகை அதிபரின் ஒரு நாள். (பெரும்பகுதியை எழுதியது அவர் மகன் மிஷேல் என்கிறார்கள்.) அதில் செய்தித்தாள் அச்சாவதில்லை, சந்தாதாரர்களுக்குப் பேசப்படுகிறது. தூரத்தில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டே பேசலாம். விளம்பரத்தை மேகத்தின் மேல் காட்டுகிறார்கள். ஒருநாள் வானம் சுத்தமாக இருக்க, ஊழியர்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். உடனே முதலாளி செயற்கை மேகம் தயாரிக்கச் சொல்கிறார்!! முதலாளி என்றால் அப்படித்தான் :-)

2018-ல் வந்த ஆறாம் வகுப்புத் தமிழில் 'கணியனின் நண்பன்' என்று ஒரு பாடம். ரோபோ என்ற சொல்லை 1920-ல் தன் நாடகத்தில் பயன்படுத்திய காரல் கபெக்கைப் பற்றியும் அதில் ஒரு குறிப்பு உண்டு. இங்கேதான் எனக்கு காம்ப்பெல்லின் கிளிப்பிள்ளை ஞாபகம் வருகிறது. 'ரோபோ என்ற சொல்லை முதலில் பயன்படுத்தியவர் யார்?' ஒரு மதிப்பெண். முடிந்தது கதை. அந்த நாடகம் நடப்பதே ஒரு தொழிற்சாலையில் என்பதோ, செக் மொழியில் அந்தச் சொல்லின் வேர் கட்டாய வேலையைக் குறிக்கிறது என்பதோ, கடைசியில் அந்த வேலையாட்கள் கலகம் செய்கிறார்கள் என்பதோ ஒரு மதிப்பெண்ணுக்குள் அடங்காது.

வேறு ஊராக இருந்தால் போகட்டும் என்று விடலாம். ஓசூரில் எப்படி விடுவது? 1970-களில் சிப்காட் வந்தது, 1980-ல் அசோக் லேலண்ட் ஆலை, 1987-ல் டைட்டன் கடிகாரம், 2020-க்குப் பிறகு செல்போன் பாகங்கள். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் ஷிஃப்டுக்குப் போகிறார். இந்தப் பிள்ளைகளிடம் "ரோபோ வந்தால் உங்க அப்பா வேலை என்ன ஆகும்? அது கலகம் செய்யுமா, அப்பா செய்வாரா?" என்று ஒரு பீரியட் பேசவிட்டால் போதும். வரலாறு, பொருளாதாரம், அறிவியல் மூன்றும் சேர்ந்து வந்துவிடும். தெலுங்கு வழியில் படிக்கிற பையனும் இதில் சளைக்காமல் பேசுவான், ஏனென்றால் விஷயம் அவன் வீட்டு விஷயம்.

'சுல்தானாவின் கனவு' நம் பாடத்தில் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருக்கும். 2021-ல், போச்சம்பள்ளியில் உள்ள தன் ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று ஓலா நிறுவனம் அறிவித்தது. செல்போன் பாகம் பூட்டும் வேலையிலும் பெரும்பாலும் இளம்பெண்கள்தான். ரொக்கையா 1905-லேயே எழுதிவிட்டார் என்று கைதட்டத் தோன்றும். ஆனால் அந்தக் கதையில் ஒரு சின்ன இடம் உண்டு. ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க வேலையா என்று சுல்தானா கேட்கிறாள். இல்லை, இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுவேன் என்கிறாள் கூட வருகிறவள். ஆண்கள்தான் சுருட்டுப் பிடித்தே ஆபீஸ் நேரத்தை ஓட்டினார்களாம்.

இங்கே ஷிஃப்ட் எட்டு மணி நேரம், கம்பெனி பஸ்ஸில் போய்வரும் நேரம் தனி. மிச்ச ஆறு மணி நேரம் எங்கே போனது என்று ஒன்பதாம் வகுப்புப் பெண்களிடம் கேட்டுப் பார்க்கவேண்டும். என்ன பதில் வரும் என்று எனக்கு நிஜமாகவே ஆவலாக இருக்கிறது.