திருப்புகழ்: சந்தம் காத்த நூல்

திருப்புகழ் என்பது முருகப் பெருமான் மீது அருணகிரிநாதர் பாடிய சந்தப் பாடல்களின் தொகுதி. ஆசிரியரின் காலத்தை அறிய நூலுக்குள்ளேயே சான்று இருக்கிறது. ஒரு பாடலில் அவர் பிரபுடதேவ மாராசனைக் குறிப்பிடுகிறார். விஜயநகரத்தை 1446 வரை ஆண்ட இரண்டாம் தேவராயனே அந்த அரசன் என்பது ஆய்வாளர் முடிவு. எனவே 15ஆம் நூற்றாண்டு என்று தயங்காமல் சொல்லலாம். திருவண்ணாமலையில் வல்லாள கோபுரத்தின் மேலிருந்து உயிரை விடத் துணிந்து குதித்தவரை முருகன் தாங்கி ஆட்கொண்டான் என்ற வரலாறு பக்தர் நெஞ்சில் வாழ்வது. அதை நிறுவக் கல்வெட்டு ஏதும் இல்லை. அவர் 16,000 பாடல்கள் பாடினார் என்பதும் மரபுச் செய்தியே. இன்று கையில் இருப்பவை ஏறத்தாழ 1,300. இவை தப்பிப் பிழைத்தது எப்படி என்பதே திருப்புகழ் வரலாற்றின் மையக் கேள்வி. கோயிலும் மடமும் அரசும் செய்ததைவிடப் பாடலின் யாப்பே, அதாவது சந்தமே, இந்த நூலைக் காத்தது என்று காட்ட முடியும்.

தேவாரத்தோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் எனப்பட்ட தேவாரம் பாட 48 பேரையும், உடன் வாசிக்க உடுக்கைக்கும் கொட்டிமத்தளத்துக்கும் இருவரையும் நியமித்து, அவர்களுக்கு நெல்லும் அளந்தான் முதலாம் இராசராசன். பாடுவதற்குக் கூலியும், கூலிக்குக் கல்வெட்டும் இருந்தன. திருப்புகழ் பிறந்தபோது சோழர் ஆட்சி முடிந்து ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தோடு பன்னிரு திருமுறையும் நிறைவடைந்துவிட்டதால் அருணகிரியாருக்கு அங்கே இடமும் இல்லை. சிவன் கோயில்களில் ஓதுவார்கள் பஞ்சபுராணம் என்ற ஐந்து திருமுறைப் பாடல்களைப் பாடி முடித்தபின் திருப்புகழும் பாடுகிறார்களே, அதுவே போதிய காப்பு அல்லவா என்று கேட்கலாம். பெருமைக்குரிய வழக்கம்தான். ஆனால் வரிசையின் இறுதியில் ஒரு பாட்டுப் பாடும் முறை சில பத்துப் பாடல்களை நினைவில் நிறுத்துமே தவிர, ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றைக் காக்காது.

சந்தம் எப்படிக் காக்கிறது? ஒவ்வொரு பாடலுக்கும் ‘தத்தத்தன தத்தத் தனதன’ என்பது போன்ற ஒரு சந்தக் குழிப்பு உண்டு. ‘தத்த’ வரும் இடத்தில் வல்லொற்று நிற்க வேண்டும். ‘தந்த’ வரும் இடத்தில் மெல்லொற்று. ‘தான’ என்றால் நெடில், ‘தன’ என்றால் குறில். ஏடுகளிலோ மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடும், ஒகர ஓகார வேறுபாடும் தெரியாது. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் கிடக்கும். உரைநடை ஏடாக இருந்தால் படிப்பவர் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு ஊகிக்க வேண்டியதுதான். திருப்புகழ் ஏட்டில் அடுத்த அடி சாட்சி சொல்லும். ‘பத்தி’ என்பதா ‘பந்தி’ என்பதா என்ற ஐயம் எழுந்தால், குழிப்பில் அந்த இடத்தில் ‘தத்த’ இருந்தால் வழக்கு அங்கேயே முடிந்தது. பாடுபவர் ஒரு சொல்லைத் தவறவிட்டாலும் தாளம் தட்டும் கை அதைக் காட்டிக் கொடுக்கும்.

இதை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டவர் முனிசீப்பாக இருந்த வ. த. சுப்பிரமணிய பிள்ளை (1846–1909). சிதம்பரம் தீட்சிதர்கள் ஒரு வழக்கில் சான்றாக எடுத்துக்காட்டிய திருப்புகழ்ப் பாடல் அவரை ஈர்த்தது என்று பதிப்பு வரலாறு சொல்கிறது. அதன்பின் ஊர் ஊராக ஏடு தேடினார். 1890களில் முதல் தொகுதியை அச்சிட்டார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாவதும் வந்தது. அவர் மகன் வ. சு. செங்கல்வராய பிள்ளை விரிவான உரை எழுதினார். தமிழ் உலகம் இந்தத் தந்தைக்கும் மகனுக்கும் பட்டிருக்கும் கடன் பெரிது.

சந்தம் அத்தனை வலிய காவல் என்றால் மிகுதிப் பாடல்கள் ஏன் அழிந்தன என்பது நியாயமான மறுப்பு. 16,000 என்ற எண்ணை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஏற்றாலும், சந்தம் ஏட்டைக் கரையானிடமிருந்து காக்காது. எஞ்சிய பாடலைச் சிதையாமல் காப்பதே அதன் வேலை. பழனி, திருச்செந்தூர், சுவாமிமலை, ஈழத்துக் கதிர்காமம், திருக்கோணமலை என்று ஊர்ப்பெயர் தாங்கிய பாடல்களை அந்தந்த ஊரார் தம் உடைமையாகப் போற்றியதும் துணை செய்திருக்கும். மெட்டு மறைந்துவிட்டதே என்பது இன்னொரு மறுப்பு. உண்மைதான், அருணகிரியார் எந்தப் பண்ணில் பாடினார் என்று காட்டும் பண்ணடைவு இல்லை. ஆனால் தாளம் சொல்லிலேயே பொதிந்திருக்கிறது. அதனால்தான் காஞ்சிபுரம் நயினா பிள்ளை அரிய தாளங்களில் அமைந்த திருப்புகழ்களைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவர முடிந்தது, டில்லியில் ஏ. எஸ். இராகவன் நூற்றுக்கணக்கான பாடல்களுக்கு இராகம் அமைத்துக் கூட்டு வழிபாடாக வளர்க்க முடிந்தது.

பல பாடல்களின் முற்பகுதி விலைமாதரை வருணிக்கிறது, அது பக்தி நூலுக்கு ஏற்றதா என்று கூசுவோர் உண்டு. அந்தப் பகுதியை மட்டும் நீக்கினால் என்ன? பெரும்பாலும் பாடலின் முதல் பாதி, மயக்கத்தில் உழலும் நான் உன்னை அடைவேனோ என்ற ஒரே நீண்ட வாக்கியமாக ஓடுகிறது. வருணனையை வெட்டினால் வேண்டுகோளுக்குக் காரணமே இல்லாமல் போகும். பிற்பாதி சூரனை வென்றவனையும் வள்ளி மணாளனையும் திருமாலின் மருகனையும் விளித்துப் ‘பெருமாளே’ என்று முடிகிறது. விழுந்து கிடப்பவன் குரலும் ஆண்டவன் புகழும் ஒரே சந்தத்தில் கட்டுண்டிருப்பதுதான் இந்த நூலின் துணிவு.

நூல் அச்சில் பரவியபின் அதிலிருந்தே ஒரு வழிபாடு பிறந்தது. மைசூர் அரண்மனையில் சமையல் பணி செய்த அர்த்தநாரி, துறவு பூண்டு வள்ளிமலைச் சுவாமிகள் (1870–1950) ஆனார். திருப்புகழையே மந்திரமாகக் கொண்டார். ஆங்கிலப் புத்தாண்டில் துரைமாரைத் தேடிச் சென்று வாழ்த்துவதைவிடத் தணிகைத் துரையை வணங்குவோம் என்று 1917 டிசம்பர் 31 அன்று திருத்தணியில் படித் திருவிழாவைத் தொடங்கினார். மலைக்கு 365 படிகள். படிக்கொரு பாட்டு என்ற கணக்கில், கிடைத்திருக்கும் நூலில் கால் பங்குக்கு மேல் ஒரே விழாவில் பாடப்படும்.