குறைமருந்துத் தோட்டா: அமெரிக்க வேட்டைத் துப்பாக்கி மரபில் அளவும் எழுத்தும்

ஆய்வுச்சுருக்கம்

வேட்டைத் துப்பாக்கிக்கு உரிய முழு அளவினும் குறைவாக மருந்திட்டுத் தோட்டாவைக் கையால் கட்டும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் வேரூன்றியது. கருமருந்தின் காலத்தில் இது கைப்பழக்கத்தால் அமைந்த எளிய தொழிலாக இருந்தது. புகையில்லா மருந்து வந்தபின் அச்சிட்ட அட்டவணையைச் சார்ந்த தொழிலாக மாறியது. இம்மாற்றத்திற்கான காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தோட்டா, கருமருந்து, புகையில்லா மருந்து, குறைமருந்து, கைத்தொழில் அறிவு, அச்சுக் கையேடு.

முன்னுரை

தோட்டா என்பது கூடு, பற்றவைக்கும் கேப்பு, மருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்த ஒரு பொருள். இவற்றுள் மருந்து மட்டும் தோட்டா கட்டி முடிந்ததும் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. முழு மருந்துத் தோட்டாவும் குறைமருந்துத் தோட்டாவும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. இந்த எளிய உண்மையே குறைமருந்தின் வரலாற்றை நடத்திச் சென்றது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

படைத்துறை முன்னோடி

குறைமருந்தின் தேவையைத் தெளிவாகக் காட்டும் முதற்சான்றுகளுள் ஒன்று அமெரிக்கப் படையின் 1873ஆம் ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியாகும். காலாட்படையினரின் நீள்துப்பாக்கிக்கு 70 கிரெய்ன் (சுமார் 4.5 கிராம்) கருமருந்தும் 405 கிரெய்ன் (சுமார் 26 கிராம்) ஈயக்குண்டும் கொண்ட தோட்டா வழங்கப்பட்டது. குதிரைப்படையினர் ஏந்திய கார்பைன் எடை குறைந்தது. அதன் குழல் 22 அங்குலமே. முழு மருந்தின் பின்னுதைப்பு அதில் கடுமையாக இருந்தது. எனவே அதே கூட்டில், அதே குண்டுடன் மருந்தை மட்டும் 55 கிரெய்னாகக் குறைத்தனர். வெற்றிடத்தை அட்டை கொண்டு நிரப்பினர்.

இரு தோட்டாக்களும் ஒரே துப்பாக்கியில் பொருந்தக்கூடியவை. வெளியில் வேறுபாடு தெரியாது. 1877 முதல் ஃபிராங்க்ஃபோர்டு ஆயுதச்சாலை கூட்டின் அடிப்பகுதியில் ‘ஆர்’ (ரைஃபிள்), ‘சி’ (கார்பைன்) என்னும் எழுத்துகளையும், செய்த மாதத்தையும் ஆண்டையும் பொறிக்கத் தொடங்கியது. கண்ணால் அறிய முடியாத அளவை எழுத்து அறிவித்தது.

மீண்டும் பயன்பட்ட கூடு

கையால் தோட்டா கட்டுவதற்குச் சுட்ட கூடு மீண்டும் பயன்பட வேண்டும். ஃபிராங்க்ஃபோர்டின் தொடக்ககாலச் செம்புக் கூடுகளில் பற்றவைப்பு உள்ளே அமைந்திருந்ததால் அது இயலவில்லை. வெளியிலிருந்து கேப்பைப் பொருத்தும் முறைகள் இரண்டு. அமெரிக்கரான பெர்டனின் முறையில் கேப்பு அடிபடும் முனை கூட்டின் பகுதியாகவே அமைந்து, அதன் அருகே சிறு துளைகள் இருக்கும். ஆங்கிலேயரான பாக்சரின் முறையில் அம்முனை கேப்புக்குள்ளேயே இருக்கும். கூட்டின் நடுவில் ஒரே துளை. அத்துளை வழியே ஓர் ஊசியை இறக்கினால் பழைய கேப்பு கழன்றுவிடும். பெர்டனின் முறை ஐரோப்பாவில் பரவ, பாக்சரின் முறை அமெரிக்காவில் நிலைத்தது வரலாற்றின் முரண். கையால் தோட்டா கட்டும் வழக்கம் அமெரிக்காவில் குடும்பத் தொழிலைப் போலப் பரவியதற்கு இந்த ஒற்றைத் துளை ஒரு முக்கியக் காரணம் எனலாம்.

1884இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் நிறுவனம் இடுக்கி வடிவக் கைக்கருவிகளையும் குண்டு வார்க்கும் அச்சுகளையும் விற்றது. அத்துடன் கையேடுகளையும் வெளியிட்டது. கருவியை வாங்கியவர் எழுத்தையும் சேர்த்தே பெற்றார்.

கருமருந்தின் எளிமை

கருமருந்தின் காலத்தில் குறைத்தல் என்பது கரண்டியளவைக் குறைப்பதே. மருந்து குறைந்தால் விசையும் குறையும். மிஞ்சும் இடத்தைத் தக்கையால் அடைத்துவிடலாம். மான் வேட்டைக்குரிய துப்பாக்கியால் அணிலையோ காட்டுக்கோழியையோ சுட்டால் இறைச்சி சிதையும். சமையலுக்கு உதவும் வகையில் மென்மையான தோட்டாவைக் கட்டிக்கொள்வது முகாம்வாசிகளின் வழக்கமாயிற்று. செலவும் குறைந்தது, ஈயமும் கூடும் கையில் இருந்தன.

புகையில்லா மருந்து தந்த சிக்கல்

1884இல் பிரான்சில் பால் வியேய் புகையில்லா மருந்தை உருவாக்கினார். 1886இல் லெபெல் துப்பாக்கியில் அது படைக்கு வந்தது. 1892இல் அமெரிக்கப் படை கிராக் துப்பாக்கியை ஏற்றது. 1895இல் .30-30 வேட்டைத் தோட்டா விற்பனைக்கு வந்தது. இம்மாற்றம் குறைமருந்துக் கலையின் அடிப்படையை அசைத்தது.

முதலாவதாக, எடைக்கு எடை புகையில்லா மருந்தின் ஆற்றல் மிகுதி. குறைமருந்து கூட்டின் ஒரு சிறு பகுதியையே நிரப்புகிறது. அதனால் கவனக்குறைவாக ஒரே கூட்டில் இருமுறை மருந்திட்டாலும் கூடு வழியாது. வழிதல் என்னும் எச்சரிக்கை மறைந்தது. இரண்டாவதாக, இம்மருந்து எரியும் வேகம் அழுத்தத்தைச் சார்ந்தது. கூட்டில் தளர்ந்து கிடக்கும் மருந்து முன்புறம் சாய்ந்தால் ஒரு விளைவும், கேப்பின் அருகே சாய்ந்தால் வேறொரு விளைவும் உண்டாகும். மூன்றாவதாக, விசை மிகவும் தாழ்ந்தால் குண்டு குழலிலேயே தங்கிவிடும். அதை உணராமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் சிதையும்.

இவற்றினும் வியப்பானது நான்காவது. மெதுவாக எரியும் சில மருந்துகளை மிகக் குறைத்து இட்டபோது, விசை தணிவதற்கு மாறாகத் துப்பாக்கியே சிதைந்ததாகச் செய்திகள் வந்தன. இந்நிகழ்வு ஆய்வகத்தில் விரும்பியவாறு மீண்டும் காட்டப்படாததால் காரணம் பற்றிய விவாதம் நீண்டது. எனினும் ‘குறைவே பாதுகாப்பு’ என்னும் பழைய கைத்தொழில் நம்பிக்கை உடைந்தது. மருந்து செய்வோரின் அட்டவணைகளில் மேல் எல்லையைப் போலவே கீழ் எல்லையும் இடம்பெறலாயிற்று.

ஈயக்குண்டும் சிக்கலுக்கு உள்ளானது. விசை கூடினால் சூடான வாயு குண்டின் அடியைத் தின்றது. ஐடியல் நிறுவனம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குண்டின் அடியில் சிறு செம்புக் கிண்ணத்தைப் பொருத்தி இதைத் தணித்தது.

கையேடுகளின் அதிகாரம்

ஐடியல் 1910இல் மார்லின் நிறுவனத்திடமும் 1925இல் லைமன் நிறுவனத்திடமும் சென்றது. கையேட்டு மரபு அறுபடவில்லை. 1926இல் மேட்டர்ன் எழுதிய நூலும், 1937இல் பிலிப் ஷார்ப், ஏர்ல் நாராமோர் ஆகியோரின் நூல்களும் வெளிவந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் புரூஸ் ஹாட்ஜ்டன், படையினரிடம் மிஞ்சிய 4895 வகை மருந்தை வாங்கிச் சில்லறையாக விற்றார். அந்நிறுவனம் பின்னாளில், புதிதாக மான் வேட்டை பயிலும் இளையோருக்கெனக் குறைந்த பின்னுதைப்புள்ள தோட்டா அட்டவணைகளை வெளியிட்டது. 1873இல் குதிரைவீரனின் தோளுக்காக எழுந்த தேவையே இங்கு இளையோரின் தோளுக்காக மீண்டும் எழுந்தது குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

கருமருந்தின் காலத்தில் அளவைக் கையும் கண்ணும் காத்தன. புகையில்லா மருந்து அவ்விரண்டையும் போதாதனவாக்கியது. அதன்பின் அளவு, சோதித்தவரின் அட்டவணையிலும், கட்டியவர் பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டிலும் வாழ்கிறது. கூட்டின் அடியில் பொறித்த ‘சி’ என்னும் எழுத்தும் அச்சீட்டும் ஒரே பணியைச் செய்கின்றன. கைத்தொழில் அறிவு எழுத்தாக மாறுவதை அறிவின் இழப்பாகவே காணும் போக்கு ஆய்வுலகில் உண்டு. பொருளின் இயல்பே மாறும்போது எழுத்து அத்தொழிலைக் காப்பதும் உண்டு என்பதற்குக் குறைமருந்துத் தோட்டாவின் வரலாறு சான்றாகிறது.