கணக்கும் அளவீடும்

1949 செப்டம்பர் 1இல் மத்திய மின்சார வாரியம் தொடங்கியபோது, பங்சார் நீராவி மின்நிலையத்தின் திறன் 26.5 மெகாவாட். இத்தகைய நிலையங்களில், சுழலியைக் கடந்த நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் வெப்பப் பரிமாற்றியே ஒடுக்கி.

1916இல் செருமானிய அறிஞர் நுசெல்ட், குளிர்பரப்பில் நீராவி நீர்ப்படலமாகும்போது கடத்தப்படும் வெப்பத்தைக் கணித்தார். பின்னர்ச் செங்குத்துக் குழாய்களில் அளந்தபோது அது ஏறத்தாழ 20 விழுக்காடு மிகுந்திருந்தது. சீராக வழிவதாக அவர் கொண்ட படலத்தில் சிற்றலைகள் எழுந்தமையே காரணம். கணக்கில் பிழையில்லை, கருதுகோளே இயற்கையோடு முற்றும் பொருந்தவில்லை.

இன்றைய உருவகப்படுத்தும் மென்பொருளுக்கும் இதுவே நெறி. சமன்பாடு செவ்வனே தீர்க்கப்பட்டதா என்பது ஒரு வினா; விடை அளவீட்டோடு ஒக்கிறதா என்பது மற்றொன்று. இரண்டையும் ‘சரிபார்ப்பு’ என்றே எழுதிவருகிறோம். பின்னதை ‘மெய்காண்டல்’ எனப் பிரித்து வழங்கலாம் என்பது நம் கருத்து. சொல் ஒன்றாயின், மாணவர் சரியான கணக்கையே உண்மையென மயங்குவர்.