கிசும்பு என்னும் எதிர்ப்பு: பாமாவும் ராஜ் கௌதமனும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் பேச்சில் 'கிசும்பு' என்றால் குறும்பு, சீண்டல். பாமா 1996இல் வெளியிட்ட சிறுகதைத் தொகுப்பின் பெயர் 'கிசும்புக்காரன்'. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, மலையடிவாரத்தில் வத்திராயிருப்பை அடுத்துள்ள புதுப்பட்டி அவரது ஊர். அவருடைய அண்ணன், ஆய்வாளரும் நாவலாசிரியருமான ராஜ் கௌதமனும் (1950–2024) அவ்வூர்க்காரரே. தலித் இலக்கியம் என்றால் அழுகையும் ஆவேசமும் மட்டுமே என்று கருதுவோர் இவ்விருவரையும் சரியாகப் படிக்கவில்லை.

பாமாவின் தன்வரலாற்று நூலான 'கருக்கு' (1992) ஒரு காட்சியைப் பதிவு செய்கிறது. முதியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டிய சரட்டைப் பிடித்துத் தூக்கிச் செல்கிறார். பார்க்கும் சிறுமிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பொட்டலம் போய்ச்சேர வேண்டியது நிலவுடைமையாளருக்கு. முதியவர் கை பட்டால் தீட்டு என்று அண்ணன் விளக்கியதும் சிரிப்பு நின்றுவிடுகிறது.

நான்கு ஆண்டுகள் கழித்து வந்த கதைகளில் அந்தச் சிரிப்பு திரும்பி வருகிறது, திசை மாறி. 'அண்ணாச்சி' கதையில் நிலவுடைமைச் சாதிக்காரர் ஒருவரைத் தலித் இளைஞன் 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டுவிடுகிறான். அச்சொல்லில் வசை இல்லை, மரியாதையே உண்டு. எனினும் அது உறவுச்சொல். 'ஐயா', 'சாமி' என்பவற்றில் இருக்கும் தூரம் அதில் இல்லை. மரியாதையாக அழைத்ததற்காக ஒருவன் பதில் சொல்ல வேண்டியிருப்பதே கதையின் நகைச்சுவை.

வழக்கறிஞர் என்ற முறையில் இக்கதையை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுமக்கள் பார்வையில் இழிவுபடுத்துவதையும் சாதிப் பெயரால் வைவதையும் குற்றமாக்குகிறது. ஆனால், பேரன் வயதுப் பையனை ஒரு கிழவர் 'ஐயா' என்றே அழைத்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு, யாரும் யாரையும் வையாமலேயே இயங்குகிறது. அதைப் புகார் மனுவில் எந்த வாக்கியமாக எழுதுவது? கதையில் எழுத முடிந்திருக்கிறது.

ராஜ் கௌதமனின் கேலி பெரும்பாலும் தன்னை நோக்கியது. 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002) தன்வரலாற்றுச் சாயல் கொண்ட நாவல். அதன் நாயகன் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த தலித். தேவாலயத்திலும் பள்ளியிலும் சாதி அவனை விடுவதில்லை. சான்றிதழில் மட்டும் அவன் பட்டியல் சாதி இல்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அத்தகுதியை இந்துக்களுக்கு அளித்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே. வேலைக்காக இந்துவாக மாற நேரும் சிலுவைராஜின் கதையில் வாசகர் சிரிப்பது அவனைப் பார்த்தா, ஆணையைப் பார்த்தா என்று பிரித்தறிவது கடினம்.

2024 நவம்பர் 26 அன்று, புதுச்சேரியில் அரசு வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரிய ஒரு பெண்ணின் மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவர் கிறித்தவ நம்பிக்கையைப் பின்பற்றுபவர் என்று கண்ட நீதிமன்றம், உண்மையான நம்பிக்கையின்றி இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறுவது அரசமைப்பின் மீதான மோசடி என்றது. ராஜ் கௌதமன் மறைந்தது அதே மாதம் 13ஆம் நாள்.