கற்பிட்டிக் கோட்டையும் லெய்டன் சாடியும்

புத்தளம் களப்புக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டில், ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கட்டிய கோட்டை இன்னும் நிற்கிறது. இப்பொழுது அது கடற்படையினர் வசம். தெற்கே வந்தால் நுரைச்சோலை அனல்மின் நிலையம்; குடாநாட்டில் காற்றாலைகளும் உண்டு. கோட்டைக்கும் மின்சாரத்துக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கோட்டை ஒல்லாந்தக் கம்பனியின் கையில் இருந்த காலத்தில்தான் அவர்களுடைய தாய்நாட்டில், லெய்டன் நகரில், கொள்ளளவி உலகறிய வந்தது. நம்முடைய பாடநூல்கள் கொள்ளளவி என்பதைத் தமிழகத்தார் மின்தேக்கி என்பர்.

மின்சாரம் ஒருவகைத் திரவம் என்று பலர் நம்பிய காலம் அது. திரவமானால் சாடியில் பிடித்து வைக்கலாமல்லவா? லெய்டன் பேராசிரியர் பீற்றர் வான் முஸ்சன்புறூக்கின் ஆய்வுகூடத்தில், சுழலும் கண்ணாடி உருண்டையைத் தேய்த்து எழுப்பிய மின்னை ஒரு கம்பி வழியே சாடி நீரில் இறக்கினார்கள். அங்கு வந்துபோன அந்திரேயாஸ் குனேயுஸ் என்ற சட்டத்தரணி சாடியை ஒரு கையில் ஏந்தியபடி மறு கையால் கம்பியைத் தொட்டார். உடல் அதிர்ந்தது. பேராசிரியரும் அதைச் செய்து பார்த்து, பிரெஞ்சு இராச்சியத்தையே தந்தாலும் இனித் தொடமாட்டேன் என்ற பொருளில் 1746 சனவரியில் பாரிசுக்கு எழுதினார். உண்மையில் பொமரேனியாவின் கிளைஸ்ற் 1745 ஒக்டோபரிலேயே இதைக் கண்டிருந்தார். ஆனால் பெயர் லெய்டனுக்குப் போயிற்று. வரலாற்றில் இது புதிதல்ல.

நீர் உள்தகடு, ஏந்திய உள்ளங்கை வெளித்தகடு, இடையே மின் கடத்தாத கண்ணாடி. கொள்ளளவி என்பது இவ்வளவுதான். ஒரு தகட்டில் இலத்திரன்கள் மிகும், மற்றதில் குறையும். இடைச்சுவரைக் கடக்க முடியாமல் ஒன்றையொன்று ஈர்த்தபடி காத்திருக்கும்.

அது நிறையும் விதத்தைப் புத்தளத்து உப்பளங்களில் காணலாம். வெறும் பாத்திக்கு மடை திறந்தால் களப்பு நீர் முதலில் பாய்ந்து வரும். உள்ளே மட்டம் உயர உயர வேகம் தளரும். இரு மட்டமும் நெருங்கும்போது கசிவாகிவிடும். மின்சுற்றில் பாத்தியின் பரப்பு கொள்ளளவம், மடையின் ஒடுக்கம் தடை. இரண்டையும் பெருக்கினால் வருவது நேர மாறிலி. 1000 மைக்ரோபரட் கொள்ளளவியை 10 கிலோஓம் தடை வழியே ஏற்றினால் அது 10 விநாடி. அந்த 10 விநாடியில் மின்னழுத்தம் மூலத்தின் 63 சதவீதத்தைத் தொடும். 50 விநாடியில் 99ஐத் தாண்டும். ஏன் 63? அது கணிதம் தரும் எண். கலைப்பட்டதாரியாகிய நான் அதற்குமேல் வாதாடமாட்டேன்.

இறங்குவதும் இதே முறைதான்: அதே தடை வழியே விட்டால் 10 விநாடியில் 37 சதவீதம் எஞ்சும். தடையைக் குறைத்தாலோ கண்ணிமைப்பில் காலியாகும். உருண்டையைப் பல தடவை சுற்றிச் சேர்த்ததெல்லாம் குனேயுசின் உடல் வழியே ஒரே நொடியில் பாய்ந்தது இதனாலேயே. மின்னை நிறுத்திய பின்னரும் பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் உட்புறத்தைத் தொடாதே என்று திருத்துநர்கள் எச்சரிப்பதும் இதற்காகவே. (1746இல் நொலே பாதிரியார் மன்னர் முன்னிலையில் 180 காவலரைக் கைகோக்க வைத்து ஒரு சாடியால் ஒருங்கே துள்ளச் செய்தார். அரண்மனைக்கு அது வேடிக்கை.)

இனி நம் காலத்துக்கு வருவோம். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததே காரணம் என்றார் அமைச்சர். நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றன. ஒவ்வொன்றும் 300 மெகாவாட். ஒரு விநாடித் தடுமாற்றத்தைத் தாங்கிப்பிடிக்கக் கொள்ளளவிகள் போதாவா? கணக்கிட்டுப் பார்க்கலாம். மேற்சொன்ன 1000 மைக்ரோபரட் கொள்ளளவியை 300 வோல்ட் வரை ஏற்றினால் அதில் இருப்பது 45 யூல். நுரைச்சோலையின் ஓர் இயந்திரம் ஒரு விநாடியில் தருவது 30 கோடி யூல். அந்த ஒரு விநாடிக்கே 66 இலட்சத்துக்கும் மேற்பட்ட கொள்ளளவிகள் வேண்டும், அதுவும் கடைசிச் சொட்டுவரை வடித்தால். கொள்ளளவி விரைவாகக் கொடுக்கும், நிறையக் கொடுக்காது. வெயிலையும் காற்றையும் நம்பும் மின்வலையமைப்புக்குப் பெரிய மின்கலத் தொகுதிகள் வேண்டும் என்று பொறியியலாளர்கள் வற்புறுத்துவது இந்தக் கணக்கை வைத்துத்தான். அன்று மாலை விளக்குகள் படிப்படியாக எரிந்தன. நுரைச்சோலையின் கொதிகலன்களோ அப்படி உடனே எழவில்லை. அடுத்த நாள்களில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு முறை வைத்து வந்தது.